வெந்நீரும் மின்சாரக் கணக்கும்

ஸ்ரீவராகத்தில் குடியிருக்கும் நமக்கு வெந்நீர், குளிருக்கு அஞ்சித் தேடும் பொருள் அன்று. மார்கழி விடியலிலும், அருவிக்கரையிலிருந்து குழாய் வழியே வந்து சேரும் நீர் நம் உடலை நடுக்குவதில்லை. மூணாற்றிலும் உதகையிலும் வாழ்வோரின் தேவை வேறு. நம் தேவை வேறு. முதியோரின் மூட்டுவலிக்கும், பச்சிளங்குழந்தையின் குளியலுக்கும், பிரசவித்த பெண்ணுக்கு ஊற்றும் வேதுநீருக்கும், இடவப்பாதி மழையில் நனைந்து வரும் பிள்ளைகளுக்கும், வாரம் ஒருமுறை செய்யும் எண்ணெய் ஸ்நானத்திற்கும் நமக்கு வெந்நீர் வேண்டியிருக்கிறது. தேவை சிறிதாயினும், அதன்பொருட்டுச் சுவரில் தொங்கும் ஹீட்டர் மின்சாரக் கட்டணச் சீட்டில் எழுதும் தொகை சிறிதாக இருப்பதில்லை. பழைய ஹீட்டரை எடுத்துவிட்டுச் சிக்கனமான கருவி ஒன்றை வைக்கலாமா, வைத்தால் எதை வைப்பது என்று சங்க அன்பர்கள் பலர் வினவுகின்றனர். ரயில்வே காரியாலயத்தில் நாள்தோறும் கணக்கெழுதிப் பழகிய கை இது. ஆதலின் கணக்காகவே எழுதுகிறேன்.

நம் குடும்பங்கள் நாகர்கோவிலிலிருந்தும் கல்லிடைக்குறிச்சியிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் இங்கு வந்த காலத்தில், வீட்டின் பின்கட்டில் வெந்நீர் அடுப்பு ஒன்று இருந்தது. அதன்மேல் செப்புத் தவலை. வசதியுள்ளோர் செப்புப் பாய்லர் வைத்திருந்தனர். நடுவே ஒரு குழல்; அக்குழலில் கரியும் சிரட்டையும் எரியும்; குழலைச் சுற்றி நீர் நிற்கும். நெருப்பை நீருக்கு வெளியே வைப்பதைவிட நீருக்கு நடுவே வைப்பது நல்லது என்பதே அதன் தத்துவம். ரயில் இன்ஜினின் வரலாறும் ஏறக்குறைய அதுதான். 1829-ஆம் ஆண்டு ஸ்டீவன்ஸனின் ‘ராக்கெட்’ பந்தயத்தில் வென்றமைக்கு ஒரு பெருங்காரணம், நெருப்பின் சூட்டைப் பல சிறு குழாய்களின் வழியே கொதிகலத்தின் உள்ளே செலுத்தியமையாகும். அப்படியிருந்தும், எரித்த கரியின் சக்தியில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட நீராவி இன்ஜினின் இழுவைக்கு வந்து சேரவில்லை. சித்தரஞ்சன் தொழிற்சாலை 1972-இல் தன் கடைசி நீராவி இன்ஜினைச் செய்து அனுப்பியதோடு அவ்வேலையை நிறுத்திக்கொண்டது. நம் வீட்டுப் பாய்லரும் அவ்வழியே சென்றது. பாளையும் மட்டையும் சிரட்டையும் தென்னை இலவசமாகத் தந்தவைதாம். ஆயினும் அவற்றின் புகையை நம் தாய்மாரின் கண்ணும் நெஞ்சும் சுமந்தன. அக்காலத்தை எண்ணி ஏங்குவோர் பெரும்பாலும் ஆடவராக இருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

இனி இக்காலத்துக் கருவிக்கு வருவோம். எங்கள் தெருவில் நெல்லைப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர், பழைய ஹீட்டரைக் கழற்றிவிட்டு ஐந்து நட்சத்திரம் பொறித்த புதியது ஒன்றை மாட்டினார். இரண்டு கட்டணச் சீட்டுகள் வந்தபின் என்னை நிறுத்தி, “தம்பி, அஞ்சு ஸ்டார் போட்ட சாமானுதான் வாங்கினேன். பில்லு ஒரு பைசா குறையலியே, என்ன சங்கதி?” என்று கேட்டார்.

“அண்ணாச்சி, அந்த ஸ்டாரை எதுக்குக் குடுத்திருக்காங்கன்னு கடைக்காரர் சொன்னாரா?”

“கரண்டு கம்மியா இழுக்கும்னாரு.”

இவ்விடத்தில்தான் பலரும் இடறுகின்றனர். 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி, மத்திய சர்க்கார் 2002-இல் ‘பியூரோ ஆஃப் எனர்ஜி எஃபிஷியன்ஸி’ என்னும் நிறுவனத்தை அமைத்தது. மின்கருவிகளுக்கு நட்சத்திர முத்திரையிடும் திட்டம் 2006-இல் தொடங்கியது. குளிர்ப்பெட்டியிலும் மின்விசிறியிலும் நட்சத்திரம் கூடினால், அதே வேலையைக் குறைந்த மின்சாரத்தில் அக்கருவி செய்கிறது என்று பொருள். தொட்டியுள்ள ஹீட்டரில் பொருள் வேறு. அதனுள் இருக்கும் சூட்டுக் கம்பி, ஒரு நட்சத்திரமாயினும் ஐந்து நட்சத்திரமாயினும், தான் வாங்கும் மின்சாரம் முழுவதையும் சூடாக்கி நீருக்கே கொடுத்துவிடுகிறது. அதில் மிச்சம் பிடிக்க ஏதுமில்லை. சூடான நீர் தொட்டியில் சும்மா நிற்கும்போது, அதன் சுவர் வழியே 24 மணி நேரத்தில் எவ்வளவு வெப்பம் வெளியே கசிந்து போகிறது என்பதையே அந்நட்சத்திரம் அளக்கிறது. தடித்த நல்ல உறை போர்த்திய தொட்டிக்கு நட்சத்திரம் அதிகம். நீரைக் காய்ச்சியவுடன் குளித்துவிட்டு ஸ்விட்சை அணைத்துவிடும் இல்லத்தில் நட்சத்திரத்திற்கு வேலை மிகக் குறைவு. நாள் முழுதும் ஸ்விட்சைப் போட்டே வைத்திருக்கும் இல்லத்தில் வேலை மிக அதிகம்.

எவ்வளவு அதிகம் என்பதற்குக் கணக்கு வேண்டும். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கிலோ கலோரி வெப்பம் தேவை. ஒரு யூனிட் மின்சாரம் தருவது 860 கிலோ கலோரி. நம் குழாய் நீர் ஏறத்தாழ 27 டிகிரி. குளிப்பதற்கு இதமான சூடு 40 டிகிரி. ஆக, 20 லிட்டர் கொண்ட ஒரு வாளி நீரை 13 டிகிரி உயர்த்த 260 கிலோ கலோரி, அதாவது யூனிட்டில் பத்தில் மூன்று பங்கு போதும். நான்கு பேர் உள்ள குடும்பம் நாளொன்றுக்கு நான்கு வாளியில் குளித்தால் 1.2 யூனிட். நம் மின்சார வாரியம் கட்டணம் கணக்கிடும் இரு மாதங்களுக்கு 72 யூனிட். நீரை மின்கம்பியால் சூடாக்கும்வரை, எந்தக் கம்பெனியின் கருவியாலும் இதைக் குறைக்க இயலாது.

தொட்டியின் கசிவை அறிவதற்கு விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டாம். சுவர்க் கடிகாரம் போதும். இரவு ஒன்பது மணிக்குத் தொட்டி நன்கு சூடாகி, ஹீட்டரின் சிறு விளக்கு தானே அணைந்தபின் ஸ்விட்சை அணையுங்கள். இரவில் யாரும் வெந்நீர்க் குழாயைத் திறக்கலாகாது. காலை ஐந்து மணிக்கு ஸ்விட்சைப் போட்டு, விளக்கு மீண்டும் அணைய எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பாருங்கள். அத்தனை நிமிஷ மின்சாரமும் எட்டு மணி நேரத்தில் சுவர் வழியே போன வெப்பத்தின் விலையே. எங்கள் வீட்டில் இருந்த 25 லிட்டர், 2000 வாட்டு பழைய ஹீட்டரில் 12 நிமிஷம் ஆயிற்று. அது 0.4 யூனிட். நாள் முழுதுக்கும் கணக்கிட்டால் 1.2 யூனிட், இரு மாதத்திற்கு 72. நால்வரும் குளிக்கும் வெந்நீருக்கு எவ்வளவு மின்சாரமோ, அவ்வளவு மின்சாரம் யாரும் குளிக்காமலே சுவரோடு போகக் கூடியதாயிருந்தது! அதே அளவுள்ள, நட்சத்திரம் கூடிய புதிய கருவி ஒன்றை உறவினர் வீட்டில் இவ்வாறே சோதித்தபோது ஐந்து நிமிஷத்தில் விளக்கு அணைந்தது. அது நாளொன்றுக்கு அரை யூனிட். இரு மாதத்திற்கு 30.

அப்படியானால் அண்ணாச்சியின் வீட்டில் நடந்தது என்ன? விசாரித்தபோது தெரிந்தது. அவர்கள் முன்பும் ஸ்விட்சைக் காலையில் போட்டு உடனே அணைக்கும் வழக்கமுள்ளவர்களே. ஆகவே கசிவில் மிச்சமாக வேண்டியது அதிகம் இல்லை. அத்துடன், ஹீட்டரை மாற்றிய கையோடு குளியலறையையும் புதுப்பித்து ஷவர் வைத்திருந்தனர். பிள்ளைகள் வாளியை மறந்தனர். நிமிஷத்திற்கு எட்டு லிட்டர் பொழியும் ஷவரின் கீழ்ப் பத்து நிமிஷம் நின்றால் 80 லிட்டர். அது நான்கு வாளி, 1.2 யூனிட். ஒரு குடும்பத்தின் வெந்நீரை ஒரு பிள்ளை ஒருவேளைக் குளியலில் முடித்துவிடுகிறான். தொட்டியில் சேமித்தது வாய்க்கால் வழியே போயிற்று. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, “அப்போ ஸ்டார் ஹீட்டர்மேல இல்ல, வாளிமேலதான் ஒட்டணும்ங்கியோ!” என்றார்.

இதை நான் இவ்வளவு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. கேரளத்தில் இல்லங்களுக்கான மின்கட்டணம் மாதம் 250 யூனிட் வரையில் படிப்படியாக ஏறுவது. முதல் படியின் யூனிட்டுகளுக்குக் குறைந்த விகிதம், அடுத்தவற்றிற்குச் சற்றே அதிகம் என்ற முறையில் அமைந்தது. அந்த எல்லையைத் தாண்டினால் அச்சலுகை நீங்கிவிடுகிறது. முதல் யூனிட் முதற்கொண்டு அனைத்திற்கும் ஒரே உயர்ந்த விகிதம் விதிக்கப்படுகிறது. இரு மாதச் சீட்டில் இந்த எல்லை 500 யூனிட். குளிர்ப்பெட்டி, நீரேற்றும் பம்ப், ஓர் அறைக்கு ஏ.ஸி. உள்ள இல்லம் கோடையில் 460, 470 என்று அதன் அருகே நிற்பது சாதாரணம். அந்நிலையில் தொட்டியிலிருந்து வீணே கசியும் 72 யூனிட், தன் விலையோடு நில்லாமல் பிற யூனிட்டுகளின் விலையையும் சேர்த்து உயர்த்திவிடுகிறது. மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகையும், பிள்ளைகளின் பள்ளிச் செலவும், ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணமும் போக மிஞ்சுவதைக் கொண்டு வாழும் நமக்கு இந்த எல்லைக்கோடு முக்கியமானது.

மாலை 6 மணி முதல் 10 மணி வரை இம்மாநிலத்தில் மின்சாரத் தேவை உச்சத்தில் இருக்கும் நேரம். 1940-இல் பள்ளிவாசலில் தொடங்கி, 1976-இல் இடுக்கி நிலையம் வரை மலைநீரைக் கொண்டே கேரளம் தன் மின்சாரத்தைப் பெருக்கிக் கொண்டது. இன்றோ தேவையின் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கியே நிறைவு செய்கிறது. உத்தியோகத்திலிருந்து திரும்பியவுடன் குளிப்போர் அவ்வேளையில் ஹீட்டரைப் போடாமல் தண்ணீரிலேயே குளித்துவிடலாம். பகல் முழுதும் மாடித் தொட்டியில் வெயில் காய்ந்த நீர் மாலையில் வெதுவெதுப்பாகவே வருகிறது.

இனி, எதை வாங்குவது? வாடகை வீட்டில் இருப்போரின் நிலையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம்மில் அவர்களே அதிகம். விளம்பரங்களோ சொந்த வீடுள்ளோரை நோக்கியே எழுதப்படுகின்றன. 60 டிகிரி சூடான நீர் எட்டு லிட்டரோடு பன்னிரண்டு லிட்டர் தண்ணீர் கலந்தால், குளிக்கும் பதத்தில் ஒரு வாளி கிடைக்கும். ஆகவே கணவன், மனைவி, ஒரு குழந்தை உள்ள இல்லத்திற்கு 25 லிட்டர் தொட்டி தேவையே இல்லை. 10 லிட்டர் போதும். ஒருவர் குளித்து முடிப்பதற்குள் அடுத்தவருக்கு நீர் காய்ந்துவிடும். வாளிக் குளியலே வழக்கமென்றால், மூன்று லிட்டர் கொண்ட உடனடி ஹீட்டர் இன்னும் பொருத்தம். 3000 வாட்டில் அது நிமிஷத்திற்கு மூன்று லிட்டருக்கு மேல் நமக்கு வேண்டிய சூட்டில் தரும், ஆறு நிமிஷத்தில் வாளி நிறையும், கசிவுக்கு இடமேயில்லை. விலையும் குறைவு, வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் செல்வதும் எளிது. ஆனால் அது 13 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். கோட்டைப் பகுதியின் பழைய வீடுகள் சிலவற்றில் விளக்குக்கும் விசிறிக்கும் போட்ட மெல்லிய ஒயரிலேயே பிளக் பாயின்டையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதில் இதை மாட்டினால் ஒயர் சூடேறி உருகும். வீட்டுக்காரரிடம் பேசி, தனியாகத் தடித்த ஒயர் இழுத்து, எர்த் சரிபார்த்து, கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன் மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்பு ஸ்விட்சும் வைத்தபின்பே மாட்ட வேண்டும். அச்செலவைக் கருவியின் விலையோடு சேர்த்தே எண்ணுக.

வாளியில் தொங்கவிடும் ராடு பற்றி ஒரு சொல். அதுவும் செலவில் சிக்கனமானதே. 1500 வாட்டு ராடு ஒரு வாளியைப் பன்னிரண்டு நிமிஷத்தில் காய்ச்சிவிடும். ஆயினும் ஸ்விட்சை அணைக்காமல் நீரில் விரலிட்டுச் சூடு பார்த்து உயிரிழந்தோர் நாடெங்கும் உண்டு. குழந்தைகள் ஓடியாடும் இல்லத்திற்கு அதை நான் சிபாரிசு செய்யேன். காஸில் எரியும் ஹீட்டரைக் குளியலறைக்குள் வைப்பதோ அதனினும் கொடியது. காற்றோட்டமற்ற சிற்றறையில் அது கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயுவை உண்டாக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குளிக்கச் சென்றவர் மயங்கி விழுவார். வெளியே இருப்போருக்குத் தெரியாது. வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் இவ்வாறு இளந்தம்பதியர் இறந்த செய்திகள் வருகின்றன. அக்கருவியை வைத்தேயாக வேண்டுமெனில் குளியலறைக்கு வெளியே, திறந்த வெளியில் வைத்துக் குழாயால் நீரை உள்ளே கொணர்க.

சொந்த வீடும் மொட்டை மாடியும் உடையோர்க்குச் சூரியனே மலிந்த அடுப்பு. 1767-இல் ஜெனிவா நகரத்து ஸோஸூர் என்னும் அறிஞர், கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வெயிலை அடைத்து வைத்து அதன் சூட்டை அளந்தார். 1891-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக் கெம்ப் என்பவர், கறுப்புச் சாயம் பூசிய தொட்டியை அத்தகைய பெட்டிக்குள் வைத்து வெந்நீர்க் கருவியாக்கிப் பதிவு உரிமை பெற்றார். இஸ்ரேல் நாட்டில் புதிய வீடுகளுக்கு அது கட்டாயம் என்று 1980-இல் சட்டமே வந்தது. தத்துவம் எளிது: வெயில் காய்ந்த நீர் இலேசாகித் தானே மேலேறித் தொட்டியை அடைய, அடியிலுள்ள தண்ணீர் கீழிறங்கிக் காய வரும்; பம்பு வேண்டாம். நல்ல வெயில் நாளில் 100 லிட்டரை 60 டிகிரிக்குக் காய்ச்சினால், 3.8 யூனிட் மின்சாரத்தின் வேலை இலவசமாக நடந்ததாகும்.

ஆனால் விற்பனையாளர் சொல்லாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். திருவனந்தபுரத்திற்கு இடவப்பாதியும் உண்டு, துலாவர்ஷமும் உண்டு. நமக்கு வெந்நீர் மிகத் தேவைப்படும் மழைநாட்களில்தான் சூரியன் முகம் காட்டுவதில்லை. மாசியிலும் பங்குனியிலும் அக்கருவி நீரைக் கொதிக்க வைக்கும். அப்பொழுது அதை விரும்புவார் யார்? ஆகவே மழைக்காலத்திற்கென மின்கம்பி ஒன்றும் அதனுள் இருத்தல் அவசியம். மேலும் மாடியிலிருந்து குளியலறைக்குப் பத்து மீட்டர் நீளமுள்ள அரை அங்குலக் குழாயில் ஒரு லிட்டருக்கு மேல் நீர் நிற்கும். ஒவ்வொரு முறையும் அது ஆறிய நீராகவே முதலில் வரும்; அதைத் தனி வாளியில் பிடித்துத் துணிக்குப் பயன்படுத்தலாம். ஆறேழு பேர் உள்ள, அனைவரும் வெந்நீரில் குளிக்கும் இல்லத்திற்கு மட்டுமே இது செலவுக்கு ஏற்றது என்பது என் கருத்து. இருவர் மட்டும் வாழும் இல்லம் இதற்கெனப் பணம் முடக்க வேண்டியதில்லை. வாங்குவோர், 1986 முதல் இந்நகரிலேயே இயங்கும் ‘அனெர்ட்’ நிறுவனத்திலும், ஸ்ரீகாரியத்திலுள்ள எனர்ஜி மானேஜ்மென்ட் சென்டரிலும் நேரில் ஆலோசனை கேட்கலாம். இரண்டும் சர்க்கார் நிறுவனங்கள். சரக்கு விற்கும் அவசரம் அவர்களுக்கு இல்லை.

மற்றொரு புதிய கருவி ஹீட் பம்பு. குளிர்ப்பெட்டியின் பின்புறம் சூடாக இருப்பதை அறிவோம். உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே இறைப்பதால் வருவது அச்சூடு. ஹீட் பம்பு இதே வேலையைத் திருப்பிச் செய்கிறது. வெளிக்காற்றின் வெப்பத்தை வாங்கி நீருக்குள் இறைக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். முன்பு நாம் கண்ட 72 யூனிட், குறைக்கவே இயலாதது என்றோமே, அது இதில் 24 ஆகிவிடும். மின்கம்பியால் சூடாக்காமல் வெப்பத்தை இறைப்பதால் நேரும் இலாபம். ஜப்பானில் 2001 முதல் ‘ஈகோ க்யூட்’ என்னும் பெயரில் இல்லங்களுக்கு இது வந்தது. பனி உறையும் அந்நாட்டைவிட, ஆண்டு முழுதும் வெம்மையும் ஈரமும் நிறைந்த நம் காற்று இதற்கு மிகவும் ஏற்றது. மழையானாலும் வேலை செய்யும். குறை, விலைதான். சாதாரண ஹீட்டரைப்போல் பல மடங்கு. கொஞ்சம் ஓசையும் உண்டு. காற்றோடும் இடத்தில் வைக்க வேண்டும். நான்கு வாளிக் குடும்பத்திற்கு அவ்விலை திரும்பி வரப் பல்லாண்டு ஆகும். மாணவர் விடுதி, சாப்பாட்டு ஹோட்டல், கல்யாண மண்டபம் நடத்தும் நம்மவர் இதைத் தயங்காமல் பரிசீலிக்கலாம்.

உள்ள ஹீட்டரையே வைத்திருக்கத் தீர்மானித்தோர் தெர்மாஸ்டாட்டைத் திருகி 40 டிகிரியில் வைத்துவிட்டு நிம்மதியடைய வேண்டா. நாட்கணக்கில் தேங்கும் வெதுவெதுப்பான நீரில், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா என்னும் கிருமி பெருகும். 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பலரைக் கொன்ற பின்பே அதை உலகம் கண்டுகொண்டது. 60 டிகிரியில் வைத்துக் குளிக்குமுன் ஸ்விட்சைப் போட்டு, முதல்வர் உள்ளே சென்றதும் அணைத்துவிடலாம். எஞ்சிய சூட்டில் அடுத்தவர் குளிப்பார். தொட்டிக்குள் இருக்கும் மெக்னீஷியக் கம்பி, தான் அரிந்து தொட்டியைத் துருவினின்று காப்பது. இரண்டாண்டுக்கு ஒருமுறை மெக்கானிக்கைக் கொண்டு அதைத் திறந்து பார்த்து, கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். வீடு மாறும்போது தொட்டியின் நீரை முழுதும் வடித்த பின்னரே வண்டியில் ஏற்றுக. நீர் நிறைந்த 25 லிட்டர் தொட்டியைச் சுவரிலிருந்து இறக்க இருவர் வேண்டும்.